முசியேவின் ஸ்பானியல்கள்

நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் பேசின் ஒன்று, அதில் பாதி அளவுக்கு டெட்டால் கலந்த தண்ணீர், பக்கத்தில் நான்காக மடித்த துவாலை. முசியேவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முகமில்லை, இந்த பேசின்தான். நாய்க் கண்காட்சியில் ஒரு நாயைத் தொட்டுப் பார்த்து முடித்ததும், அடுத்ததைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டு வரை கைகளை அதில் முக்கிக் கழுவுவார். பிறகு விரல் விரலாகத் துடைப்பார். நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் கால் மாற்றி நின்று சலித்துக்கொள்வார்கள். அவருக்கு அதெல்லாம் காதில் விழாது. மாசி மாத வெயிலில் பந்தல் முழுக்கத் தென்னங்கீற்று வாசனையும் டெட்டால் வாசனையும் நாய் வாசனையும் கலந்து வீசும். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மருந்து வாசனை வந்தால் எனக்கு நோயாளிகள் நினைவு வருவதில்லை.

முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நில அளவை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் போனபிறகும் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான். கறுத்து ஒல்லியாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருப்பார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது இரண்டு காக்கர் ஸ்பானியல் நாய்களையும் ஒரு பெட்டி நிறைய நாய்ப் புத்தகங்களையும் அவரிடம் விட்டுப்போனார். மற்றவர்களாக இருந்தால் நாயை வாசலில் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடைக்குப் போட்டிருப்பார்கள். இவர் எல்லாவற்றையும் படித்தார். பெங்களூருக்குப் போய்ப் பரீட்சை எழுதி, ஸ்பானியல் இனத்துக்கு நடுவராகத் தேறி வந்தார். கோர்ட்டுக்கு ஒரு ஜட்ஜ், நாய்க்கு ஒரு ஜட்ஜ் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் மனைவி மதாம் மட்டும், கோர்ட்டு ஜட்ஜ் வீட்டில் சோபாவில் இவ்வளவு முடி ஒட்டியிருக்காது என்பார்.

நான் முத்தியால்பேட்டைக்காரி. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் நடுவில் நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவர் சொல்லச் சொல்ல வேகமாக எழுத ஓர் ஆள் வேண்டும் என்று நாய்ச் சங்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள். எனக்கு நாய் என்றால் பயம். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவள். ஆனால் மற்ற டீச்சர்கள் யாரும் வர மறுத்ததால் வீறாப்பாக நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நாய் கொலைக்கிறத எழுதறதுக்கா உன்ன இவ்ளோ படிக்க வெச்சோம்?" என்று அம்மா கேட்டாள்.

முதல் நாளே முசியே என்னிடம் ஒரே ஒரு விதி சொன்னார். "ரிங்குக்குள்ள உங்களுக்குக் காதும் கையும்தான், மிஸ். வாயை வெளியவே விட்டுட்டு வந்துடுங்க." நடுவரிடம் யாரும் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எழுதுகிறவள் பேசவே கூடாது. அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், அவ்வளவுதான். கயிறு கட்டிய அந்தச் சதுரத்துக்கு எதற்கு ரிங் என்று பெயர் என்றுகூட நான் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கே ஒரு விதி இருந்தது. ஸ்பானியல்களை உள்ளே கூப்பிட்டதும் அவர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கை கழுவ ஆரம்பித்துவிடுவார். எல்லா நாயும் வரிசையில் நின்றாயிற்று என்று காவலுக்கு நிற்பவர் மணி அடித்த பிறகுதான் திரும்புவார். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் நாயோடு உள்ளே நுழையும்போது ஒரு வணக்கம் வைப்பார்கள், சிரிப்பார்கள். அந்த வணக்கம் தன் கண்ணில் படக்கூடாது என்பது அவர் எண்ணம். சின்ன ஊர், எல்லோரும் தெரிந்தவர்கள். நேர்மையாக இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

திரும்பியபின் அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாய்ப் பயம் போய்விட்டது. நாயை மேசைமேல் நிறுத்தச் சொல்வார். புறங்கையை முதலில் முகரக் கொடுப்பார். பிறகு மண்டை, காது, பல், கழுத்து, தோள் என்று அவர் கை பின்னோக்கிப் போகும். காது மடலை மெல்ல முன்னால் இழுத்து மூக்கு நுனிவரை எட்டுகிறதா என்று பார்ப்பார். நிலம் அளக்கிற வேலையில் இருந்தவர், அளவுச் சங்கிலி இல்லாமலே அளந்தார். பிறகு நாயை நடக்கவிட்டு வால் ஆடுகிறதா என்று பார்ப்பார். வால் ஆடாத காக்கர் அவருக்குப் பிடிக்காது. கடைசியில் குனிந்து முகத்தை நேருக்கு நேர் பார்ப்பார். ஸ்பானியலின் மொத்தமும் கண்ணில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. "மத்ததெல்லாம் எலும்பு, முடி. கண்ணுதான் நாயி," என்பார்.

பிரின்ஸ் அப்படித்தான் அவர் மனதில் இடம் பிடித்தது. அரியாங்குப்பத்து அரிசி மண்டி முதலாளி ஒருவர் மெட்ராசிலிருந்து குட்டியாக வாங்கி வந்த தங்க நிறக் காக்கர் அது. முதல் வருடம் ஒன்றரை வயதில் வந்து ஸ்பானியல்களில் முதலாவதாக நின்றது. மறுவருடமும் அதுவே. நியாயமாகப் பார்த்தால் வருடா வருடம் நடுவரை மாற்ற வேண்டும். ஆனால் ஸ்பானியல் என்றால் இவரைவிட்டால் ஆள் இல்லை, வெளியூர் ஆளை வரவழைக்கச் சங்கத்துக்கு வசதியும் இல்லை. ஊரில் ஸ்பானியல் வைத்திருந்தவர்கள் எல்லாம் தங்கள் பெட்டை நாயை அரியாங்குப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். முதலாளி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பதிலுக்கு ஈற்றில் தான் பொறுக்கிய முதல் குட்டியை வாங்கிக்கொண்டார், அதை டாக்டருக்கும் அதிகாரிக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் ஊரில் பாதி ஸ்பானியல்கள் பிரின்ஸின் பிள்ளைகளாகிவிட்டன.

மூன்றாவது வருடம் நடந்ததை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில், பந்தலுக்குள் நல்ல நிழல். ஸ்பானியல்களைக் கூப்பிட்டார்கள். முசியே முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினார். நான் பென்சிலும் நோட்டுமாக வாசலைப் பார்த்து நின்றேன். மூன்றாவதாகப் பிரின்ஸ் வந்தது. வெயிலிலிருந்து நிழலுக்குள் கால் வைக்கிற இடத்தில் அது நின்றுவிட்டது. முன்காலைத் தூக்கி, படி இருப்பதுபோலக் காற்றில் துழாவிவிட்டு வைத்தது. முதலாளியின் ஆள் வாரை இழுத்ததும் நகர்ந்தது, போகிற போக்கில் தோள் மூங்கில் காலில் உரசியது. இரண்டு மூன்று நொடிதான். பிறகு வரிசையில் போய் மகாராஜா மாதிரி நின்றது. மணி அடித்தது. முசியே திரும்பினார்.

எனக்கு உறுத்தியது என்பது உண்மை. இதென்ன, கண் தெரியாத மாதிரி வருகிறது என்று தெளிவாகவே நினைத்தேன். ஆனால் நான் பேசக்கூடாத ஆள். அது ஒன்று. அதைவிடப் பெரியது, ஆயிரம் நாயைத் தொட்ட மனிதரிடம் நேற்றுவரை நாயைக் கண்டு ஓடின நான் என்ன சொல்வது என்கிற கூச்சம். வெளியே வந்தபிறகாவது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன், அப்போதும் சொல்லவில்லை. அவர் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பிரின்ஸின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இதுதான்: கண்கள் சென்ற ஆண்டைவிடப் பெரியவை, இருண்டவை, ஈரமான ஒளி உடையவை. இந்த இனத்தில் இவ்வளவு அழகான கண்களை நான் கண்டதில்லை.

அந்தக் கண்ணை விட்டுவிடக்கூடாது என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. இனம் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாயின் அழகு நிலைக்க வேண்டும் என்றால் அதன் மகளையே அதற்குச் சேர்ப்பார்கள். அழகு இரண்டு பக்கமிருந்தும் வரும் என்று கணக்கு. முசியே அதைத்தான் சொன்னார். ஸ்பானியல்காரர்களுக்கு அவர் வாக்கு வேத வாக்கு, பெண் குட்டி வைத்திருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். அப்படிப் பிறந்த முதல் ஈற்றிலிருந்து அவரே விரலால் தடவிப் பொறுக்கி எனக்கு ஒரு குட்டி கொடுத்தார். "மூணு வருஷம் வாயத் தெறக்காம எழுதினதுக்கு," என்றார். மின்னி என்று பெயர் வைத்தேன். அம்மா ஒரு வாரம் திட்டினாள். எட்டாம் நாள் அவள் தட்டிலிருந்து அது இட்லி தின்றுகொண்டிருந்தது.

மின்னிக்கு நாலு வயது நடக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் படி இறங்க மறுத்தது. சோம்பல் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் இடம் மாற்றிப் போட்ட ஸ்டூலில் நேராகப் போய் முட்டிக்கொண்டது. முட்டிவிட்டு, யாரோ திட்டிய மாதிரி வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது. பந்தல் வாசலில் பிரின்ஸ் காலைத் துழாவியது எனக்கு அந்த நொடியிலேயே ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் ரிக்‌ஷா வைத்து மின்னியை முசியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அரை இருட்டில் மின்னி நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டது. கதவுகளைத் திறந்து, மதாமிடம் பஞ்சு வாங்கி, ஓர் உருண்டையை அதன் கண்ணுக்கு முன்னால் போட்டார். பஞ்சு விழுகிற சத்தம் கேட்காது. பார்வை இருக்கிற நாய் அதைக் கண்ணால் தொடரும். மின்னி அவரையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. மறுபடி போட்டார். மறுபடி போட்டார். மதாம்தான் கடைசியில் பஞ்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சைக்கிளில் பஞ்சோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். நானும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மகளைத் தகப்பனுக்குச் சேர்த்துப் பிறந்த குட்டிகளில் ஏறக்குறைய பாதி பஞ்சைப் பார்க்கவில்லை. சில வீடுகளில் நாய் தடுமாறுவது அவர்களுக்கே தெரிந்திருந்தது, வயிற்றுக் கோளாறு என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர் நின்றுகொண்டே ஒரே மாதிரி சொன்னார்: "நான் சொல்லித்தான் சேத்தீங்க. தப்பு என்னுது. இனிமே இந்த வழியில குட்டி எடுக்காதீங்க." ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கதவை முகத்திலடித்தாற்போல் சாத்தினார். ஒரு அம்மாள் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பியை அவரால் குடிக்க முடியவில்லை.

அரியாங்குப்பத்தில் பிரின்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தது. எட்டு வயது. கண் இரண்டும் கண்ணாடிக் கோலி மாதிரி இருந்தன. பஞ்சு போட வேண்டிய தேவையே இல்லை. முதலாளி கெட்ட மனிதரில்லை, அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். "வயசாச்சு முசியே. சோறு துன்னுது, படுத்துக் கெடக்குது. அதுக்கு இனிமே கண்ணு எதுக்கு?" என்றார். முசியே குரலைக் கேட்டதும் பிரின்ஸ் எழுந்து, மூட்டையில் இடித்துக்கொண்டே வந்து அவர் கால்சட்டையில் முகத்தைத் தேய்த்தது. வால் நிற்காமல் ஆடியது.

மெட்ராசிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வேறு வேலையாக வந்திருந்தபோது முசியே அவரைக் கெஞ்சி வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் மின்னியையும் இன்னும் இரண்டு நாய்களையும் பார்த்தார். இது ரத்தத்தில் வருவது, மருந்து கிடையாது என்றார். "ஆரம்பத்துல மங்கல் வெளிச்சத்துலதான் தடுமாறும். வெளிச்சம் பத்தாம கண்ணு பாப்பா பெரிசா விரிஞ்சிடும். விஷயம் தெரியாதவங்களுக்கு, ஆகா, கண்ணு எவ்ளோ கருப்பா, பளபளன்னு அழகா இருக்குன்னு தோணும்," என்றார். அவருக்கு யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று தெரியாது. காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் முசியே என்னிடம் மூன்றாம் வருடத்து நோட்டை எடுத்து வரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன், மின்னியும் கூட வந்தது. படியுங்கள் என்றார். சுருக்கெழுத்தை என்னைத் தவிர யாரும் படிக்க முடியாது. ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். படித்தேன். ஈரமான ஒளி என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோயைத்தான் அழகுன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "நான் முதுகைக் காட்டிட்டு நின்னேன். நீங்க வாசலப் பாத்துதானே நின்னீங்க, மிஸ். உள்ள வரும்போது அது எப்பிடி வந்துச்சு?"

"எல்லா நாயும் வர்ற மாதிரிதான் வந்துச்சு, முசியே," என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வாசலில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொன்னால், அவர் உயிராக மதித்த அந்த விதியே அவரைக் கெடுத்துவிட்டது என்று ஆகிவிடுமே, அதைத் தாங்கமாட்டாரே என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். நான் பார்த்தேன் என்று சொன்னால் அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவர் பிரின்ஸை மறுபடி வெயிலுக்கும் நிழலுக்குமாக நடக்கவிட்டிருப்பார். மகள்களை அதற்குச் சேர்க்கச் சொல்லியிருக்க மாட்டார். அத்தனை குருட்டுக் குட்டிகளும் பிறந்திருக்காது. மின்னியும் பிறந்திருக்காது. அவள் அப்போது என் காலடியில்தான் படுத்திருந்தாள்.

அடுத்த கண்காட்சியில் அவர் நடுவராக நிற்கவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கி, எந்த நாயை எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன், அது எப்படித் தவறாகப் போயிற்று என்று நாலைந்து வாக்கியத்தில் சொன்னார். கூட்டம் சோடா குடித்துக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்களுக்கு எரிச்சல், இதையெல்லாம் பொதுவில் சொல்வானேன் என்று. அவர் அங்கிருந்து நேராக அரியாங்குப்பம் போய்ப் பிரின்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் அவர்கள் இருவரையும் பார்க்கலாம். அவர் முன்னால் பேசிக்கொண்டே நடப்பார். பிரின்ஸ் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். பேச விஷயம் தீர்ந்துவிட்டால் தெருப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார் என்று மதாம் ஒருநாள் சொன்னார்.

பிரின்ஸ் போன மறுவருடம், எண்பதுகளின் நடுவில், முசியே போனார். நெஞ்சு வலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு மதாம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

"கடைசி வரைக்கும் அந்த நாய்ங்கள நெனச்சிட்டேதான் இருந்தாரு," என்றார். "தான் ஒருத்தன்தான் தப்பு பண்ணேன்னு. நான் ஒரு நாள் சொன்னேன், அவ்ளோ பேர் இருந்தாங்களே, யாருக்கும்தானே தெரியல, நீங்க மட்டும் ஏன் போட்டு அலட்டிக்கிறீங்கன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'மத்தவங்கள வுடு. அந்த மிஸ் வாசலப் பாத்துட்டு நின்னாங்க. அவங்க கண்ணுல ஏதாச்சும் பட்டிருந்தா எங்கிட்ட மறைச்சிருக்க மாட்டாங்க. அப்ப வாசல்ல ஒண்ணும் இல்ல, என் கையிலதான் இருந்திருக்கு, நாந்தான் வுட்டுட்டேன்'னாரு."

சொல்லிவிட்டு மதாம் என் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "ஆமாம் மதாம்," என்றேன்.

மதாமும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. என் அக்காள் பேத்தி கால்நடை மருத்துவம் படிக்கிறாள். இப்போதெல்லாம் குட்டியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்தால் போதுமாம், பின்னால் பார்வை போகுமா போகாதா என்று தெரிந்துவிடுமாம். "அப்பல்லாம் கண்டுபிடிக்க வழியே இல்ல, பாவம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றாள் போன வாரம். அவளிடமும் தலையை ஆட்டிவிட்டேன். அவள் போனபிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முசியே, அது வாசலில் நின்றது. காலைத் துழாவியது. நான் பார்த்தேன்.